‘இருங்க’ என்று நான் சொன்னது

எனக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒன்றரை வருடமாக ஆறாங்கட்டைத் தோட்டத்து ஆட்கள் எனக்கு எல்லாம் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் வாயைத் திறந்து மறுக்கவில்லை.

ஆறாங்கட்டை, மலேசியாவில், பத்து காஜா என்ற ஊரைத் தாண்டி இருக்கிறது. தோட்டம் என்பது பெயருக்குத்தான். ரப்பர்ப் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் விற்றார்கள். இப்போது மிச்சம் இருப்பது மேட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி, பள்ளத்தில் இருபத்திரண்டு வீடுகள் உள்ள கீழ்லயம், அதற்குப் பின்னால் லொம்போங். அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பெரிய குழி அது, இப்போது முழுக்கத் தண்ணீர். அதன் ஓரத்தில் மாரியம்மன் கோயில். லொம்போங்குக்கும் வீடுகளுக்கும் நடுவில் ஒரு மண்கரை மட்டும் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பொங்கி லொம்போங்கில் விழும்போது அந்தக் கரை வழிந்து, தண்ணீர் நேராக வீடுகளுக்குள் வரும். இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது.

எங்கள் ஆய்வுக்கு ‘தகவமைப்பு நீர் மேலாண்மையும் சமூகமும்’ என்று பெயர். மழை மாறுவதற்கு ஏற்ப எச்சரிக்கையையும் மாற்றிக்கொள்வது, அதை அங்கே வாழும் ஆட்களோடு சேர்ந்து கற்றுக்கொள்வது என்று திட்ட அறிக்கையில் அழகாக எழுதியிருந்தோம். தண்ணீர்ப் பக்கம் தனேஸ்வரன், எஞ்சினியர். மனிதர்கள் பக்கம் நான், குமுதா. இரண்டு பக்கத்துக்கும் மேலே டாக்டர் மிஷெல். மாதம் ஒரு முறை ஈப்போவில் கூடுவோம். மனஸ்தாபத்தில் இருக்கும் சம்பந்திகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவது போல இருக்கும் அந்தக் கூட்டம். தனேஸ் கோடுகளைக் காட்டுவான், நான் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். ஆட்கள் சொன்னதை நான் படிப்பேன், அவன் போனைப் பார்ப்பான். இதற்குப் பெயர் பல்துறை ஆய்வாம்.

கோயில் படித்துறையில் தனேஸ் ஒரு வெள்ளைக் குழாயை நட்டு, அதன் அடியில் ஒரு கருவியை வைத்தான். தன் தலைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது சொல்லும். இரண்டு மீட்டர் ஆனால் கோயில் கூரையில் இருக்கும் சைரன் தானாக அடிக்கும். இரண்டரை மீட்டர் ஆனால் கரை வழியும். இடையில் இருக்கும் அரை மீட்டர்தான் ஆட்கள் மேட்டுக்கு ஏறுவதற்கான நேரம்.

அந்த சைரனை நம்ப வைப்பதுதான் என் வேலை. கீழ்லயத்து ஆட்களுக்குப் பெரிய மழை என்றாலே பயம். கோயில் படி முழுகினால் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு ஓடிவிடுவார்கள். பத்து முறை ஓடினால் எட்டு முறை ஒன்றும் நடக்காது. இனி அப்படி ஓட வேண்டாம், சைரன் அடித்தால் ஏறுங்கள், அடிக்காவிட்டால் நிம்மதியாகத் தூங்குங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன்.

எல்லாரையும்விட அதிகமாக நம்பியவர் பாப்பாக்கா. கடைசி வீடு, கரைக்குப் பக்கத்திலேயே. புருஷன் ராமையா அண்ணனுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போய்விட்டது, பிறகு வாதமும் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சரியாக வராது. போன வருடம் சும்மா பெய்த மழைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் கை நழுவி இடுப்பு எலும்பில் அடிபட்டு, மூன்று வாரம் பத்து காஜா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து அவரைத் தொட்டுத் தூக்கினாலே கத்துவார். “நெசமா தண்ணி வந்தா மட்டும் தூக்குனா போதும் குமுதா, சும்மா சும்மா இவர சித்திரவத பண்ண வேணாம்லா” என்று பாப்பாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவருக்காகவே செய்த சைரன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த நவம்பர் வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காலையிலிருந்து மழை. ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிரே இருக்கும் சுண்ணாம்பு மலை தெரியவில்லை. டாக்டர் மிஷெலுக்கு அறிக்கையின் ஓர் அத்தியாயத்தை அன்றைக்கே அனுப்ப வேண்டும். மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு ஐம்பதுக்குப் பாப்பாக்கா போன் செய்தார்.

“குமுதா, லொம்போங்ல தண்ணி ஏறுதுலா. கோயில் படியெல்லாம் முழுகிருச்சாம். விக்னேஸ்வரன் போலாம் போலாம்னு கத்திக்கிட்டு இருக்காரு. சைரன் அடிக்கல. நான் என்ன பண்றது? இவரத் தூக்கவா, இருக்கவா?”

விக்னேஸ்வரன் அண்ணன் கோயில் தலைவர். சத்தம் போட்டுத்தான் பேசுவார், அது ஊருக்கே தெரியும்.

“ஒரு நிமிஷம் இருங்கக்கா” என்று சொல்லிவிட்டுத் தனேஸுக்குப் போன் அடித்தேன். அவன் தாப்பா ஊரில் ஏதோ கூட்டத்தில் இருந்தான்.

“ஒன்னு புள்ளி மூணு எட்டு. பச்சையில இருக்கு” என்றான். “மழை பெய்யுது, ஏறத்தான் செய்யும். இன்னும் நெறைய எடம் இருக்கு லா.”

நான் பாப்பாக்காவைத் திரும்ப அழைத்தேன்.

“இருங்கக்கா. இன்னும் நேரம் இருக்கு. ஆபத்துன்னா சைரன் அடிக்கும்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்க்கா.”

“சரி. நீ சொன்னா சரி.”

நன்றாக நினைவிருக்கிறது, அந்தப் போனை வைத்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஒரு காப்பி கலக்கிக் குடித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

மறுபடி அத்தியாயத்துக்கு வந்தேன். ‘கருவியின் மீது சமூகத்தின் அக்கறை’ என்று ஒரு பகுதி. அதற்குப் பாப்பாக்கா சொன்னதை எடுத்துப் போட வேண்டும். செப்டம்பர் கூட்டத்தில் அதையே திரையில் போட்டுக் காட்டியிருந்தேன். ‘துணி சுத்தி கோயிலுக்குள்ள வச்சிருந்தாங்க, வெளக்குகூட வச்சோம்’ என்ற வரியைப் பார்த்து எல்லாரும் உருகிப் போனார்கள். டாக்டர் மிஷெல் கை தட்டினார். தனேஸ் வழக்கம்போலப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் இடம் இல்லாததால் வரியின் முன்னும் பின்னும் மூன்று மூன்று புள்ளி வைத்து வெட்டியிருந்தேன். அறிக்கையில் இடம் இருக்கிறதே, முழுசாகப் போடலாம் என்று ஆகஸ்டில் எடுத்த பேட்டியைத் திறந்தேன்.

பாப்பாக்கா சொன்னது இதுதான்:

‘அந்த வெள்ளக் குழாயா? நல்லா இருக்கு. ஆடித் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிச்சிப் பாலிக்கிறது அந்தப் படியிலதான். அங்க ஒன்னும் நிக்கக் கூடாதுலா. அதனால விக்னேஸ்வரனும் ஆளுங்களும் அலுங்காமப் பிடுங்கி, துணி சுத்தி கோயிலுக்குள்ள வச்சிருந்தாங்க, வெளக்குகூட வச்சோம். ரெண்டு நாளு கழிச்சித் திரும்ப நட்டாச்சி. முன்ன இருந்த எடம் ஒரே சேறு, சாயுது. அதான் ரெண்டடி மேல, கல்லுத் தரையாப் பாத்து கெட்டியா நட்டிருக்கு.’

ரெண்டடி மேல.

ஒரு முறை படித்தேன். பிறகு இன்னொரு முறை. இந்த வாக்கியத்தை நான் காதால் கேட்டிருக்கிறேன், கையால் தட்டச்சு செய்திருக்கிறேன், பச்சை நிறம் பூசி ‘அக்கறை’ என்று பக்கத்தில் குறித்திருக்கிறேன். கருவி இரண்டு அடி மேலே ஏறிவிட்டால், அதற்குக் கீழே நிற்கும் இரண்டு அடித் தண்ணீர் அதன் கணக்கில் வராது. தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே இது புரிந்தது. ஒன்று புள்ளி மூன்று எட்டு என்று தனேஸ் சொன்னபோது லொம்போங்கில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் நின்றிருக்கிறது. கரை வழியும்போதுகூடக் கருவி பச்சையே காட்டும். சைரன் அடிக்கவே அடிக்காது.

பாப்பாக்காவை அழைத்தேன், போன் அணைந்திருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும். விக்னேஸ்வரன் அண்ணனும் எடுக்கவில்லை. மழைக்குக் கரண்ட் போயிருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும். அந்த வீட்டில் அவர் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். செருப்பு போட்டேனா என்பதுகூட நினைவில்லை. அப்போது மணி மூன்று இருபது.

காரை எடுத்தபடியே தனேஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

“குழாய எடம் மாத்தி நட்டிருக்காங்க தனேஸ். ரெண்டடி மேல.”

“என்னது? எப்ப?”

“ஜூலைல. ஆடித் திருவிழாவுக்கு.”

“அந்த ரெண்டு நாளு டேட்டா இல்ல. பேட்டரி கோளாறுன்னு நெனச்சேன்” என்றான். “அப்புறம் தண்ணி கம்மியாக் காட்டிச்சு. வெயில் காலம்தானன்னு கோட்டச் சேத்துப் போட்டுட்டேன். ஒனக்கு யாரு சொன்னா?”

“பாப்பாக்கா.”

“இப்பயா?”

“ஆகஸ்ட்ல.”

என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவனுக்கும் என்னளவுக்குப் பயம் வந்துவிட்டது, மூச்சிலேயே தெரிந்தது.

“சைரன அடி.”

“கையால அடிக்கணும்னா மேல பெர்மிஷன் கேக்கணும் குமுதா, தப்பா அடிச்சிட்டா...”

“அங்க ஆளுங்க வூட்டுக்குள்ள இருக்காங்க. நான்தான் இருக்கச் சொன்னேன்!” என்று கத்தினேன்.

“சரி, சரி. வண்டிய ஓரமாப் போட்டுட்டு லேப்டாப்பத் திறக்கிறேன். அஞ்சு நிமிஷம்.” அதற்குள் கூட்டம் முடிந்து அவனும் கிளம்பியிருந்தான்.

அந்த அஞ்சு நிமிஷம் அரை மணி நேரம் ஆனது. பத்து காஜா சாலையில் ஒரு லோரி பாதியில் நின்றிருந்தது, கார்கள் நகரவில்லை. வைப்பர் அடித்தும் முன்னால் ஒன்றும் தெரியவில்லை. எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் அவ்வளவாக இல்லை. அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனைக் கெஞ்சினேன். உன் கரகத்துக்குத்தானே அந்தக் குழாயைப் பிடுங்கினார்கள், நீயே பார்த்துக்கொள் தாயே என்று சண்டையும் போட்டேன். இருபத்திரண்டு வீடு. எத்தனை பேர் என்று எனக்கு விரல் நுனியில் தெரியும், கணக்கெடுத்தவளே நான்தான். எழுபத்தொன்பது பேர். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லாரையும் இருங்கள் என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்.

நாலு மணிக்குத் தோட்டச் சாலையில் திரும்பியபோது சைரன் கேட்டது. நீளமாக, விட்டு விட்டு. தனேஸ் அடித்துவிட்டான். அந்தச் சத்தத்தில் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மேட்டில் பள்ளி மண்டபத்துக்கு முன்னால் காரை நிறுத்தினேன். உள்ளே விளக்கு இல்லை. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். பாய், தலையணை, சமையல் கேஸ் தோம்பு, கூண்டில் ஒரு பூனை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னால் நம்ப முடியவில்லை. விக்னேஸ்வரன் அண்ணன் வாசலில் நின்று ஒரு கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எப்பண்ணே ஏறுனீங்க?”

“மூணு மணிக்கே ஏற ஆரம்பிச்சிட்டோம்மா.”

“சைரன் இப்பத்தானே அடிச்சிச்சு?”

“அதுக்கா காத்துக்கிட்டு இருப்பாங்க?” என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். “படி முழுகினா ஏறிடுவோம். எப்பவும் அப்படித்தான்லா.”

அப்படியானால் என் ஒன்றரை வருட வேலை? தலையாட்டியது, தேநீர் கொடுத்தது எல்லாம் மரியாதைக்கு. வீடு தேடி வந்த பெண்ணை எதற்கு முகம் வாட வைப்பது என்று விட்டிருக்கிறார்கள். ஒரு கணம் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. யாரும் என்னை நம்பவில்லை. அதற்காக அத்தனை பேர் காலிலும் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

பிறகு மண்டபத்தில் கண்ணை ஓட்டினேன்.

“பாப்பாக்கா எங்கண்ணே?”

“அதுக்குத்தாம்மா கயிறு எடுக்குறேன்” என்றார். “நாலு பேரு போனோம், ராமையாவத் தூக்க. உள்ளயே விடல. ‘குமுதா இருக்கச் சொல்லிருச்சி, அவரத் தொடாதீங்க’ன்னு கதவச் சாத்திருச்சி. மத்த வூட்டுக் கெழடுங்களத் தூக்கிட்டு வரவே நேரம் சரியாப் போச்சி. இப்பக் கர வழியுது.”

எழுபத்தொன்பது பேரில் என்னைக் கேட்டது ஒருவர். நம்பியதும் அவர் ஒருவர்தான்.

விக்னேஸ்வரன் அண்ணன், லூர்துசாமி அண்ணன், நான் என்று மூன்று பேர் கிளம்பினோம். லூர்துசாமி அண்ணன் லோரி ஓட்டுபவர், கீழ்லயத்திலேயே திடகாத்திரமான ஆள். “நீ இரும்மா” என்றார். நான் கேட்கவில்லை. இறங்கிப் போகும் செம்மண் பாதை முடியும் இடத்திலேயே தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருந்தது. கடைசி வீட்டை நெருங்கும்போது தொடைக்கு மேலே ஏறிவிட்டது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். இடது பக்கம் கரை. அதன் மேல் விளிம்பில் தண்ணீர் ஒரே சீராக வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கரை மொத்தமாக உடைந்தால் நாங்கள் மூன்று பேரும் இல்லை. எனக்கு நீச்சல் தெரியாது. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. லூர்துசாமி அண்ணன் தோளால் இடித்தார். மூன்றாவது இடிக்குத் திறந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

“பாப்பாக்கா!”

“இங்க இருக்கேன்” என்று ஒரு குரல் வந்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தார். மடியில் ராமையா அண்ணன். அவருடைய தலையைத் தன் தோளில் சாய்த்து, தாடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்திருந்தார். தண்ணீர் அண்ணனின் கழுத்துக்கு வந்திருந்தது. பாப்பாக்காவின் இன்னொரு தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. மருந்து, மாற்றுத் துணி, அடையாள அட்டை, எல்லாம் மூன்று மணிக்கே எடுத்துத் தயாராக வைத்து சைரனுக்காகக் காத்திருந்திருக்கிறார். அது அடித்ததும் தனி ஆளாக அவரைத் தூக்கப் பார்த்து, இரண்டு பேரும் விழுந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு எழ முடியவில்லை.

“சைரன் அடிச்சிருச்சி குமுதா” என்றார் என்னைப் பார்த்து. “அடிச்ச ஒடனே தூக்குனேன், முடியல.”

தன் மேல்தான் தவறு என்கிற மாதிரி சொன்னார்.

மிதந்துகொண்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை விக்னேஸ்வரன் அண்ணன் இழுத்தார். ராமையா அண்ணனை அதில் உட்கார வைத்து, ஒரு சேலையால் கட்டினோம். அவர் கத்தினார். அந்தச் சத்தத்தை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. முன்னால் அந்த இரண்டு பேர், பின்னால் நானும் பாப்பாக்காவும். ராமையா அண்ணனின் நல்ல கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடி அவ்வளவு இறுக்கம். வாசலைத் தாண்டியதும் ஏதோ ஒரு மரக்கட்டை வந்து என் இடுப்பில் மோதியது, நான் ஒரு முறை முழுகி எழுந்தேன். நாற்காலியை மட்டும் விடவில்லை. விட்டிருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு வந்திருக்காது. மேட்டில் கால் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. பின்னால் எங்கேயோ மண் சரியும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் பெண்கள் ராமையா அண்ணனைத் துடைத்து, போர்வையால் சுற்றினார்கள். இடுப்பில் மறுபடியும் அடிபட்டிருந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருந்தோம். தண்ணீர் குடித்திருந்தார், இருமிக்கொண்டே இருந்தார். ஆனால் உயிரோடு இருந்தார். பாப்பாக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. தனேஸ் சொல்ல மாட்டான், அவன் பிழையும் அதில் இருக்கிறது. சைரன் அடித்தது, வேலை செய்தது என்றே அறிக்கையில் எழுதலாம். பாப்பாக்காவும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தண்ணீரைவிடப் பயமாக இருந்தது. அடுத்த மழைக்கும் இவர் எனக்குப் போன் செய்வார்.

“அக்கா, சைரன் தானா அடிக்கல” என்றேன். “நாங்க கையால அடிச்சோம். அது அடிச்சிருக்கவே அடிச்சிருக்காது. திருவிழாவுக்கு அந்தக் குழாயப் பிடுங்கி ரெண்டடி மேல நட்டுட்டாங்க. அதனால தண்ணி கம்மியாக் காட்டிச்சு. நான் ஒங்கள இருக்கச் சொன்னப்பவே நீங்க ஏறியிருக்கணும்.”

பாப்பாக்காவின் கை நின்றது.

“குழாயப் பிடுங்குனத நான் ஒங்கிட்ட சொன்னேன்லா?”

“சொன்னீங்கக்கா.”

“நீ எழுதிக்கிட்ட.”

“எழுதிக்கிட்டேன்.”

அவர் திட்டவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் யார் என்று புதிதாக விசாரிப்பது போல இருந்தது அந்தப் பார்வை. பிறகு மறுபடி நெஞ்சை நீவ ஆரம்பித்தார். வெளியே மழைச் சத்தம் குறைந்திருந்தது. ஒருவேளை ஏதாவது கேட்பார், நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று காத்திருந்தேன்.

வாசலில் நின்ற விக்னேஸ்வரன் அண்ணனைப் பார்த்து, என் தலைக்கு மேலாக, பாப்பாக்கா குரல் கொடுத்தார்.

“அண்ணே, மழ விட்ட மாதிரி இருக்கு. ராவுக்கு மறுபடி ஏறுமா? நீங்க போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.”